பெயர் தொலைந்தவர்களின் சீருடை

அஞ்சலட்டை அளவில் ஒரு புகைப்படம். மரமும் மாடிப்படியும் வரைந்த ஸ்டுடியோத் திரைக்கு முன்னால் ஓர் இளைஞன் விறைப்பாக நிற்கிறான். முழங்கால்வரை கட்டம் போட்ட கில்ட் பாவாடை. இடுப்பின் முன்பக்கம் குதிரைமயிர் தொங்கும் ஸ்போரன் பை. தலையில் ஒருபுறம் சாய்ந்த தொப்பி. புரட்டிப் பார்த்தால் புகைப்படக்காரரின் முத்திரை இருக்கிறது. பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. ஸ்காட்லாந்தில் பாட்டிமாரின் பெட்டிகளிலும் பழம்பொருள் கடைகளிலும் அருங்காட்சியக அறைகளிலும் இத்தகைய படங்கள் கணக்கின்றிக் கிடக்கின்றன. படத்தை எடுத்து வைத்தவர்களுக்கு அவன் யார் என்று நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் எழுதி வைக்கவில்லை. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு அவன் ‘யாரோ ஒரு சிப்பாய்’ ஆகிவிட்டான்.

பெயர் வேண்டுமானால் அரசாங்கப் பதிவேட்டைப் பார்த்தால் போயிற்று என்று தோன்றும். முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிப்பதிவேடுகள் லண்டனில் ஆர்ன்சைடு தெருவிலிருந்த போர் அலுவலகக் கிடங்கில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டு அந்தக் கிடங்கை எரித்தது. பாதிக்கு மேற்பட்ட ஏடுகள் சாம்பலாயின. மிஞ்சியவற்றிலும் பல, ஓரம் கருகியவை. தீயணைத்த தண்ணீரில் ஊறிச் சிதைந்தவை. ஒரு போரில் உடலை இழந்தவர்கள் அடுத்த போரில் காகிதத்தையும் இழந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு உலகத்தில் எஞ்சிய ஒரே சாட்சி அந்த ஸ்டுடியோப் படம்தான்.

ஆகவே படத்தையே படிக்க வேண்டியிருக்கிறது. முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல இனி ஆளில்லை. உடையைப் பார்த்து அவன் எந்தப் படைப்பிரிவில் இருந்தான் என்று சொல்ல முடியும். அங்கிருந்து தொடங்கினால் பட்டியல்களையும் நாட்குறிப்புகளையும் ஊர் நினைவுச்சின்னங்களையும் தேடிப் போகலாம். இந்த வேலையில் பல்லாண்டுகளைச் செலவிடும் மனிதர்கள் ஸ்காட்லாந்தில் இருக்கிறார்கள். பித்தான்களை எண்ணுகிறார்கள், குஞ்சங்களை எண்ணுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பொழுதுபோக்காகத் தெரியலாம். நான் இதை இறந்தவர்களுக்குச் செய்யும் கடனாகவே பார்க்கிறேன்.

படிக்கத் தொடங்கும் இடம் 1881. அந்த ஆண்டின் ராணுவச் சீர்திருத்தம் பழைய எண் கொண்ட ரெஜிமென்ட்களை இணைத்துப் பிராந்தியப் பெயர்களைக் கொடுத்தது. கில்ட் அணியும் ஹைலேண்ட் (மேட்டுநில) ரெஜிமென்ட்கள் ஐந்து என்று நிலைத்தன: பிளாக் வாட்ச், சீஃபோர்த், கார்டன், கேமரன், ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட். ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி பெயரில் ஹைலேண்டைச் சுமந்தாலும் கட்டம் போட்ட கால்சட்டையே அணிந்தது. அதற்குக் கில்ட் கிடைத்தது 1947இல்தான். ராயல் ஸ்காட்ஸ், ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ், கிங்ஸ் ஓன் ஸ்காட்டிஷ் பார்டரர்ஸ், கேமரோனியன்ஸ் ஆகிய நான்கும் தாழ்நிலப் படைகள், அவற்றுக்கும் கால்சட்டைதான். ஸ்காட்லாந்துச் சிப்பாய் என்றதும் கில்ட்டைத் தேடுபவர், போருக்குப் போன ஸ்காட்லாந்துக்காரர்களில் பெரும் பகுதியைத் தவறவிட்டு விடுவார். எடின்பரோவின் ஹார்ட் ஆஃப் மிட்லோதியன் கால்பந்து அணியின் ஆட்டக்காரர்கள் 1914இல் திரளாகச் சேர்ந்த ராயல் ஸ்காட்ஸ் 16ஆம் பட்டாலியனும் கால்சட்டைப் படைதான்.

கில்ட் அணிந்தவர்களைப் பிரித்தறியக் கண் கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் ஸ்போரன். வெள்ளைக் குதிரைமயிரில் குட்டையான ஐந்து கறுப்புக் குஞ்சங்கள் என்றால் பிளாக் வாட்ச். கறுப்பு மயிரில் இரண்டு நீண்ட வெள்ளைக் குஞ்சங்கள் கேமரன். ஆறு குஞ்சங்கள் ஆர்கைல். சீஃபோர்த்துக்கும் கார்டனுக்கும் வெள்ளை மயிரில் இரண்டு நீண்ட கறுப்புக் குஞ்சங்கள். இங்கே ஸ்போரன் கைவிட்டு விடுகிறது, மேலே போக வேண்டும். படகு கவிழ்த்தாற்போன்ற கிளென்காரித் தொப்பியின் விளிம்பு கட்டமின்றி வெறுமையாக இருந்தால் பிளாக் வாட்ச் அல்லது கேமரன். சிவப்பும் வெள்ளையும் மட்டும் மாறிமாறி வந்தால் ஆர்கைல். பிறகு தொப்பிச் சின்னம். கலைமான் தலை சீஃபோர்த்துக்கும் உண்டு, கார்டனுக்கும் உண்டு; கார்டனில் அதைச் சுற்றி ஐவிக்கொடி வளையம் இருக்கும். காட்டுப்பன்றித் தலையும் காட்டுப்பூனையும் சேர்ந்திருந்தால் ஆர்கைல். புனித ஆண்ட்ரூ தம் சிலுவையோடு நிற்பது பிளாக் வாட்சிலும் உண்டு, கேமரனிலும் உண்டு. ஒரே ஒரு சின்னத்தை நம்பித் தீர்ப்புச் சொல்பவர் அவசரக்காரர். குறைந்தது மூன்று தடயங்கள் ஒத்துப் போக வேண்டும்.

கட்டங்களின் வண்ணத்தைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். நேரில் பார்த்தால் தெரியும். பிளாக் வாட்சின் கரும்பச்சையும் கருநீலமும் கலந்த கட்டமே பலவற்றுக்கு அடிப்படை. அதன்மீது மஞ்சள் கோடு ஓடினால் கார்டன். வெள்ளையும் சிவப்பும் ஓடினால் சீஃபோர்த் அணிந்த மெக்கென்ஸி. ஆனால் அன்றைய புகைப்படத் தகட்டின் கண் நம் கண்ணைப் போன்றதில்லை. தொடக்க காலத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சாயமூட்டித் தகட்டைப் பச்சைக்கும் உணர்வூட்டும் வழியைக் கண்டார். சிவப்புக்கு அது அதன் பிறகும் நெடுநாள் குருடாகவே இருந்தது. விளைவு: கருஞ்சிவப்புச் சட்டை ஏறக்குறையக் கறுப்பாக விழும். கருநீலம் வெளிறிப் போகும். கார்டனின் மஞ்சள் கோடு மங்கி மறைந்து, அந்தச் சிப்பாய் பிளாக் வாட்ச் போலத் தோன்றுவான். பிளாக் வாட்ச் தன் பெருமையாகச் சூடும் செவ்விறகு கறுப்பிறகாகிவிடும். ஒரு படைப்பிரிவு எதை உயிராக மதித்ததோ அதுவே படத்தில் முதலில் அழிகிறது.

பழைய உலோகத் தகட்டுப் படங்களில் இன்னொரு சிக்கல். டாகரோடைப்பும் தகரத் தகட்டுப் படமும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறியவை. பதக்கம் வலது மார்பில் இருந்தால், பித்தான் வரிசை பெண்களின் சட்டையைப் போல் பூட்டியிருந்தால், கில்ட்டின் மடிப்பு இடப்புறம் திறந்தால், படத்தையே திருப்பிப் பார்க்க வேண்டும்.

உடையும் எப்போதும் உண்மையைச் சொல்லிவிடாது. ராயல் ஸ்காட்ஸ் கால்சட்டைப் படை என்றேன். அதன் 9ஆம் பட்டாலியன் மட்டும் கில்ட் அணிந்தது. ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியின் 9ஆம் பட்டாலியனான கிளாஸ்கோ ஹைலேண்டர்ஸ் பிளாக் வாட்சின் கட்டத்தை அணிந்து, அதைப் போன்ற சின்னத்தையும் சூடியது. லண்டன் ஸ்காட்டிஷ் கட்டமே இல்லாத பழுப்புச் சாம்பல் கில்ட்டை உடுத்தி 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் மெசீனில் களம் இறங்கியது. கனடாவின் 16ஆம் பட்டாலியன் நான்கு வெவ்வேறு ஹைலேண்ட் படைகளிலிருந்து திரட்டப்பட்டது. தொடக்கத்தில் அதன் சிப்பாய்கள் நான்கு வகைக் கில்ட்டில் ஒரே அணியில் நின்றார்கள். ஆகக் கில்ட் அணிந்தவன் கிளாஸ்கோக்காரனாக இருக்கலாம், லண்டன் குமாஸ்தாவாகவும் இருக்கலாம், வான்கூவரில் வேலை பார்த்த தச்சனாகவும் இருக்கலாம்.

அதற்கு மேல் போர் வந்து துணியையே மூடியது. 1899 டிசம்பர் 11 அன்று தென்னாப்பிரிக்காவின் மாகர்ஸ்ஃபோன்டெயினில் ஹைலேண்ட் பிரிகேட் போயர் துப்பாக்கிகளின் முன்னால் வெட்ட வெயிலில் நாள் முழுக்கக் குப்புறப் படுத்துக் கிடந்தது. கில்ட்டின் முன்பக்கத்தை மட்டும் காக்கித் துணி மறைத்திருந்தது. முழங்காலின் பின்புறத் தோல் வெந்து கொப்பளித்தது. முதல் உலகப் போருக்குள் அந்தக் காக்கி மறைப்பு கில்ட்டைச் சுற்றிலும் மூடும் அளவுக்கு வளர்ந்தது. 1915இல் கிளென்காரி போய்க் காக்கித் தொப்பி வந்தது. ஸ்போரன் வீட்டில் தங்கியது. எதிரியின் கண்ணுக்கு மறைந்தவன் நம் கண்ணுக்கும் மறைந்துவிட்டான். அப்போது நாம் தேட வேண்டியது தோள்பட்டையில் பித்தளையால் ஆன எழுத்துகளை. டெரிடோரியல் தொண்டர் படையினருக்கு மேலே ‘டி’ என்ற எழுத்து, அதன் கீழ் பட்டாலியன் எண், அதன் கீழ் ரெஜிமென்டின் பெயர். பூதக்கண்ணாடியில் அந்த எண் தெளிந்தால் பாதித் தேடல் முடிந்தது.

சட்டைக் கைகள் ஒரு வாழ்க்கைக் குறிப்பையே சொல்லும். இடது முன்கையில் தலைகீழ் வி வடிவப் பட்டைகள் இருந்தால் அவை பதவியைக் குறிப்பவை அல்ல, ஒழுக்கமாகப் பணியாற்றிய ஆண்டுகளைக் குறிப்பவை. அதே இடத்தில் நேர்க்கோடாக ஒரு தங்கப் பட்டை இருந்தால் அவன் காயம்பட்டவன். அந்தப் பட்டை 1916இல் வந்ததால் படமும் அதற்குப் பிந்தியது. வலது முன்கையில் சிறு பட்டைகள் இருந்தால் அவை வெளிநாட்டுப் பணியைக் குறிக்கும். அவை போரின் கடைசிக் கட்டத்தில்தான் வழங்கப்பட்டன. முதலாவது சிவப்பாக இருந்தால் அவன் 1914 முடிவதற்குள் கடல் கடந்தவன். சிவப்பு கறுப்பாகத் தெரியும் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று அங்குலத் துணியில் ஒருவன் எப்போது போனான், எத்தனை முறை அடிபட்டான், எப்போதுவரை உயிரோடு இருந்தான் என்பதெல்லாம் தைக்கப்பட்டிருக்கின்றன.

இவ்வளவு சிரமம் எதற்கு? ஸ்காட்லாந்தில் ஒரு பட்டாலியனின் எண் பெரும்பாலும் ஓர் ஊரின் பெயர். பிளாக் வாட்ச் 4ஆம் பட்டாலியன் என்றால் டண்டீ நகரம். சணல் ஆலைகளின் ஊர் அது. வங்காளத்துச் சணல் அங்கே நூலாயிற்று. 1915 செப்டம்பர் 25 அன்று லூஸ் போரில் அந்தப் பட்டாலியனில் களமிறங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள் அல்லது காயமுற்றார்கள். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 25 அன்று டண்டீயின் லா குன்றின் மேலுள்ள நினைவுத்தூணில் தீபம் ஏற்றப்படுகிறது. பெயரற்ற படத்தின் தோள்பட்டையில் அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால், அவனுக்கு ஒரு தெரு கிடைக்கிறது, ஓர் ஆலைச் சங்கொலி கிடைக்கிறது, அவனுக்காக ஏற்றப்படும் ஒரு தீபம் கிடைக்கிறது. அவன் யாரோ ஒருவன் என்ற நிலையிலிருந்து, இன்னாருடைய ஊர்க்காரன் என்ற நிலைக்கு வந்துவிடுகிறான்.

படைப்பிரிவின் பெயர் மட்டுமே மிஞ்சிய மனிதர்கள் கல்லறைத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். போரின் முதல் பாதியில் சிப்பாயின் கழுத்தில் ஒரே ஓர் அடையாளத் தகடு இருந்தது. செத்தவனின் தகட்டைக் கணக்குக்காகக் கழற்றி எடுத்தபின் உடல் பெயரின்றிக் கிடந்தது. 1916இல்தான் இரண்டாவது தகடு வந்தது. போர் முடிந்தபின் புதைகுழிகளைத் தோண்டி உடல்களை ஒன்றுசேர்த்தவர்கள் கில்ட்டின் கந்தல், பித்தான், தோள்பட்டைப் பித்தளை ஆகியவற்றைக் கொண்டு படைப்பிரிவை மட்டும் அறிந்தார்கள். அதனால் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நிற்கும் வெண்கற்களில் ‘பிளாக் வாட்ச் சிப்பாய் ஒருவர்’, ‘கார்டன் ஹைலேண்டர் ஒருவர்’ என்பதோடு நின்றுபோனவை பல. கல் வைத்தவர்கள் தெரிந்ததை மட்டும் எழுதினார்கள். தெரியாததை ஊகித்து நிரப்பவில்லை. பழைய படத்தைப் படிப்பவர்கள் கற்க வேண்டிய ஒழுக்கம் இதுதான்.

ஏனென்றால் தவறான அடையாளம் அடையாளமின்மையைவிடக் கொடியது. பெயரில்லாத படத்தை நாளை ஒருவர் தேடலாம். தவறான பெயர் ஒட்டிய படத்தை யாரும் தேடமாட்டார்கள். அதோடு, இன்னொருவரின் மரணத்தை நம் குடும்பத்துக்குள் கொண்டுவந்து அழுவோம்; நம்மவருக்கு உரிய கண்ணீர் வேறெங்கோ போகும். உறுதி, சாத்தியம், ஊகம் என்ற மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே இந்தத் துறையில் நம்பத் தகுந்தவர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சீருடை பற்றாக்குறையாக இருந்த 1914இல், இன்னொருவரின் உடையை இரவல் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்ற ஆசை அது. அந்த ஆசையைக் குறைகூற முடியாது. ஆராய்பவர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

சீருடை எல்லாரையும் ஒரேபோலாக்கத் தைக்கப்பட்டது. இருந்தும் தைத்தவர்கள் ஒவ்வொரு பித்தானிலும் எதையோ நினைவுபடுத்தி வைத்தார்கள். யாருடைய நினைவு என்று கேட்டால் விடை சங்கடமானது. ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியின் தொப்பிச் சின்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அடியில் ஒரு யானை நிற்கும். சீஃபோர்த்தின் கழுத்துப் பட்டையிலும் யானை உண்டு. 1803 செப்டம்பர் 23 அன்று இன்றைய மகாராஷ்டிரத்தின் அசாயியில் பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி மராத்தியரை வென்ற போரின் நினைவு அது. அந்தக் களத்தில் நின்ற பிரிட்டிஷ் காலாட்படைகள் இரண்டும் ஹைலேண்ட் படைகளே. ஆனால் அன்று வெல்லஸ்லியின் காலாட்படையில் அவர்களைவிட அதிகம் பேர் மெட்ராஸ் சிப்பாய்கள். அதே அசாயி யானை இன்று இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் சின்னத்திலும் நிற்கிறது. அந்த ரெஜிமென்டின் தலைமையகம் நீலகிரியில் உள்ள வெல்லிங்டன். ஸ்காட்லாந்துப் படத்தில் ஒரு பித்தளை யானையைக் காண்பவர் நம் ஊர் வரலாற்றையும் சேர்த்தே காண்கிறார். அசாயியில் செத்த மெட்ராஸ் சிப்பாய்களின் பெயர்களை அந்த யானை நமக்குச் சொல்லாது.

இந்தியக் கன்டோன்மென்ட்களில் எடுத்த குழுப்படங்களில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். நடுவில் வரிசையாக ஹைலேண்டர்கள். அவர்களின் தலைக்கவசத்தில் ஒட்டிய கட்டத் துணியைக் கொண்டு படையைச் சொல்லிவிடலாம். ஓரத்தில் சமையற்காரர், சலவைத் தொழிலாளி, தண்ணீர் சுமப்பவர். அவர்களின் உடையில் எண் இல்லை, பித்தளை இல்லை. ஒரே வெயிலில் ஒரே நொடியில் ஒரே தகட்டில் விழுந்தவர்கள்தாம். ஒருவரைக் கண்டுபிடிக்க நூறு வழிகள் இருக்கின்றன. மற்றவரைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் இந்த வேறுபாடு இன்னும் கொடுமையாக வெளிப்பட்டது. ஆர்கைல் 2ஆம் பட்டாலியன் மலாயாவில் ஜப்பானியரோடு போரிட்டுப் பின்வாங்கி 1942 ஜனவரி 31 அன்று சிங்கப்பூருக்குள் கடைசியாகப் பாலம் கடந்தது. கார்டன் 2ஆம் பட்டாலியனும் அங்கே இருந்தது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்ததும் இரண்டு படைகளின் எஞ்சிய சிப்பாய்களும் கைதானார்கள். அவர்களில் பலர் சயாம் - பர்மா ரயில்பாதை போட அனுப்பப்பட்டார்கள். நாம் மரண ரயில் என்று சொல்லும் அந்த 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்த நேசநாட்டுக் கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். செத்தவர்கள் 12,000 பேருக்கு மேல். இன்றைய தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 7,000 கற்கள் இருக்கின்றன. பெயர், எண், படைப்பிரிவின் சின்னம், வயது எல்லாம் பொறித்தவை. கார்டனின் கலைமானையும் ஆர்கைலின் பன்றித் தலையையும் அங்கே காணலாம்.

அதே பாதையில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் பர்மியரும் மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் செத்தார்கள். எந்த மதிப்பீட்டை எடுத்தாலும் அந்தத் தொழிலாளர்களின் சாவு கைதிகளின் சாவைவிடப் பல மடங்கு. அவர்களுக்குச் சீருடை இல்லை. ஆகவே படைப்பட்டியல் இல்லை, எண் இல்லை, தகடு இல்லை. பெயர் பொறித்த கல்வரிசையும் இல்லை. கைதிகளுக்குச் சொந்த அதிகாரிகள் இருந்தார்கள். ஒளித்து வைத்தாவது சாவுக் கணக்கை எழுதினார்கள். தோட்டத் தொழிலாளியின் சாவை எழுத அருகில் யாருமில்லை. ஸ்காட்லாந்துக்காரர் தம் தாத்தாவை ஒரு குஞ்சத்தின் எண்ணிக்கையிலிருந்து மீட்டெடுக்கிறார். சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவை நாம் எதிலிருந்து மீட்பது?

ஸ்காட்லாந்துக்காரர்கள் தம் இறந்தவர்களுக்குச் செய்வதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுடைய பொறுமையும் நேர்மையும் நமக்குப் பாடம். 2006இல், அதுவரை எஞ்சியிருந்த அவர்களின் பிராந்தியக் காலாட்படை ரெஜிமென்ட்கள் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்து என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன. ஸ்போரனின் குஞ்ச வேறுபாடுகளைப் பார்த்தவுடன் சொல்லத் தெரிந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. அந்த அறிவைக் காப்பவர்கள் போரைக் கொண்டாடுபவர்கள் அல்லர். போர் எண்ணிக்கையாக மாற்றிவிட்ட மனிதர்களை ஒவ்வொருவராகத் திரும்ப எண்ணுபவர்கள் அவர்கள்.

நம் வீட்டுப் படங்களுக்குப் பித்தளை எழுத்து உதவிக்கு வராது. வேட்டியும் துண்டும் எந்தப் பட்டாலியனையும் சொல்லமாட்டா. சேலையின் கரை எந்தத் தோட்டத்து லயம் என்று சொல்லாது. சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள் மட்டுமே. ஆகவே வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்துக்கொண்டு மூத்தவர்களிடம் போங்கள். ஒவ்வொரு முகத்தையும் காட்டிக் கேளுங்கள். படத்தின் பின்பக்கம், அழுத்தாமல், மென்மையான பென்சிலால் எழுதுங்கள்: பெயர், ஊர், உறவு, ஆண்டு. உறுதியாகத் தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். சொன்னவர் யார் என்பதையும் எழுதுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.